கடைசி பஸ் எத்தனை மணிக்கு?



காணி உத்தரவுப் பத்திரம், மரணச் சான்றிதழ், அஸ்வெசும விண்ணப்பம் என்று இந்தப் பக்கத்தில் வழக்கமாக எழுதிவருகின்றோம். இந்த மாதம் அவற்றுக்கெல்லாம் ஓய்வு கொடுத்துவிட்டுக் கடலுக்குப் போவோம். அறுகம்குடாவுக்குப் பெண்கள் மட்டுமாகப் போய்வர முடியுமா, எங்கே இறங்குவது, எவ்வளவு முடியும், கடலில் இறங்கலாமா என்று எங்கள் ஊவாத் தோட்டங்களிலிருந்தும் மட்டக்களப்புப் பக்கமிருந்தும் சகோதரிகள் சிலர் கேட்டிருந்தார்கள். நமுனுகுலயிலிருந்து இரண்டு தடவை பெண்களைக் கூட்டிக்கொண்டு போய்வந்தவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகின்றேன்.

நாம் பயணமே போகாதவர்கள் அல்லர். ஷெல்லுக்குப் பயந்து ஓடியிருக்கின்றோம். முகாமிலிருந்து முகாமுக்கு மாறியிருக்கின்றோம். தடுப்பில் இருக்கும் பிள்ளையைப் பார்க்கப் பூசாவுக்கும் வெலிக்கடைக்கும் போயிருக்கின்றோம். காணாமல் ஆக்கப்பட்டவரின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு கொழும்புக்குப் போயிருக்கின்றோம். வீட்டுப் பணிப்பெண்ணாகக் கட்டுநாயக்காவில் விமானம் ஏறியிருக்கின்றோம். எங்கள் மலைநாட்டுக் குடும்பங்களில் 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு வன்னிக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறி, 2009இல் எல்லாம் இழந்து மீண்டும் லயத்துக்கே வந்த பெண்கள் இருக்கின்றார்கள். பொத்துவில் என்ற பெயர்கூட எங்கள் கூட்டத்தில் பலருக்கு 2021 பெப்ரவரியில் அங்கே தொடங்கிப் பொலிகண்டியில் முடிந்த நடைபயணத்தால்தான் தெரியும்.

ஆனால் யாரையும் தேடாமல், எந்தப் படிவமும் கையில் இல்லாமல், ஓர் ஊரைப் பார்ப்பதற்காகவே போவது என்பது வேறு. "எதுக்குப் போறீங்க?" என்று வீட்டில் கேட்கும்போது "சும்மா" என்ற பதில் ஒரு பெண்ணின் வாயிலிருந்து வரக்கூடாது. கதிர்காமம் என்றால் சரி, சிவனொளிபாதமலை என்றால் சரி. நேர்த்தி என்று சொன்னால் லொறி பிடித்துக் கொடுப்பார்கள். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் ஓய்வு நேரத்தைப் பற்றி ஒரு பாடம் இருந்தது. காலையில் நாலரைக்கு அடுப்பு மூட்டி, மலைக்கு ஏறி, நிறுத்து முடித்து, தண்ணீர் எடுத்து, இரவு பத்துக்குப் பாயை விரிக்கும் கொழுந்துப் பெண்ணின் நாளை வைத்து அந்தப் பாடத்துக்கு விடை எழுத முயன்றால் தாளில் ஒன்றும் மிஞ்சாது.

சரி, வழிக்கு வருவோம்.

எங்கள் பக்கத்திலிருந்து போவோர் பசறைக்கு இறங்கி, அங்கிருந்து மொனராகலை போய், சியம்பலாண்டுவ, லகுகல வழியாகப் பொத்துவிலை அடைய வேண்டும். ரயில் பதுளையோடு முடிந்துவிடும். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தவர்களுக்குக் கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி என்று கடலை ஒட்டிய வீதி இருக்கின்றது. அக்கரைப்பற்றில் மாறி ஏறினால் போதும். வடக்கிலிருந்து வருகின்றவர்கள் மட்டக்களப்பில் ஒரு இரவு தங்கிப் போவதுதான் உடம்புக்கு நல்லது. எப்படிப் போனாலும் பஸ் நிற்பது பொத்துவில் நகரில். உல்லை, அதாவது வெளிநாட்டவர் அறுகம்பே என்று சொல்லும் இடம், அங்கிருந்து தெற்கே 3 கிலோமீற்றர். பாணமை போகும் பஸ் உல்லையின் நடுவாலேயே போகும். ஆனால் அந்த பஸ் எப்போதாவதுதான் வரும். அதை நம்பி வெயிலில் நிற்பதைவிட மூன்று பேர் சேர்ந்து ஓர் ஆட்டோ பிடிப்பது இலாபம்.

இறங்கியவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை கடலைப் பார்ப்பதல்ல. பொத்துவில் பஸ் தரிப்பிடத்தில் நேரம் குறிப்பவரிடம் போய், நீங்கள் திரும்ப வேண்டிய பக்கத்துக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்க வேண்டும். அதையே பக்கத்துக் கடைக்காரரிடமும் ஒரு தடவை கேளுங்கள். இரண்டு பேரும் இரண்டு நேரம் சொன்னால் முந்திய நேரத்தையே நம்புங்கள். ஆண்கள் பயணம் போனால் காலையிலிருந்து மாலைக்குத் திட்டம் போடுவார்கள். பஸ் தவறினால் கடைத் திண்ணையில் படுத்துக்கொள்வார்கள், மறுநாள் அதைச் சிரித்துக்கொண்டே கதையாகச் சொல்வார்கள். எங்களோடு வந்த அக்கா ஒருவர் பசறையிலேயே கேட்டுவிட்டார்: "பஸ்ஸு இல்லாட்டி எங்க போயி படுக்கிறது? படுத்துட்டு வந்தா லயத்துல என்ன பேசுவாங்க?" ஆகவே நாம் கடைசி பஸ்ஸிலிருந்து பின்னோக்கித்தான் கணக்குப் போட வேண்டியிருக்கின்றது. அந்த பஸ் மாலை ஆகுமுன்பே போய்விட்டால் பகல் சாப்பாட்டுக்குப் பின் நமக்குக் கடல் இல்லை. பெண்ணுக்கும் கடலுக்கும் இடையில் இருக்கும் தூரத்தைக் கிலோமீற்றரில் அளப்பது பிழை என்று எனக்குத் தோன்றியது அங்கேதான்.

முதல் தடவை வான் பிடித்துப் பன்னிரண்டு பேர் போனோம். விடியற்காலை மூன்று மணிக்கு வெளிக்கிட்டு அன்றிரவே திரும்பினோம். பங்கு போட்டால் செலவு பரவாயில்லை. பிள்ளைகளையும் கூட்டிப் போகலாம், வீட்டில் அனுமதி வாங்குவதும் இலகு. ஆனால் எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது என்பதெல்லாம் சாரதியின் கையில். அவர் நல்ல மனிதர்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனாலும் கடலில் கால் நனைத்துக் கால் மணி ஆவதற்குள் ஹோர்ன் அடித்துக் கூப்பிட்டார். இரண்டாம் தடவை ஐந்து பேர் பஸ்ஸில் போய், பொத்துவிலில் எமக்குப் பழக்கமான ஒரு மகளிர் அமைப்பின் மண்டபத்தில் இரவு தங்கினோம். அலைச்சல் அதிகம், பாதி நாள் வீதியிலேயே போய்விட்டது. பசறை 13ஆம் கட்டையில் 2021 மார்ச்சில் பஸ் பள்ளத்தில் விழுந்து பலர் இறந்ததிலிருந்து எங்கள் பெண்கள் மலைவளைவில் கண்ணை மூடிக்கொள்வார்கள். அப்படியிருந்தும் ஐவரும் இரண்டாம் பயணத்தைத்தான் மெச்சுகின்றார்கள். வழி கேட்டதும், காசு எண்ணிக் கொடுத்ததும், எங்கே இறங்குவது என்று முடிவெடுத்ததும் அவர்களே.

ஆட்டோவுக்கு வருவோம். இங்கே இரண்டு விலை உண்டு, வெளிநாட்டவருக்கு ஒன்று, நமக்கொன்று. அதனால் ஏறுவதற்கு முன் தேநீர்க் கடையில் "இங்கிருந்து உல்லைக்கு என்ன எடுப்பார்கள்?" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சாரதியிடம் முழுக் கணக்கையும் ஒரே தடவையில் பேச வேண்டும்: போக, காத்திருக்க, திரும்ப, எத்தனை பேருக்கு என்று. பாதி வழியில் பேசினால் விலை அவருடையது. நமது பெரிய பலம் மொழி. பொத்துவில், உல்லை ஆட்டோக்காரர்களில் பெரும்பாலானோர் தமிழ் பேசும் முஸ்லிம்கள். எங்களில் ஒருவர் மலைநாட்டு வழக்கப்படி "நானா" என்று கூப்பிட, அவர் சிரித்துவிட்டு, "இங்க காக்கா எண்டு சொல்லுங்க தங்கச்சி" என்றார். காக்கா என்ற பிறகு விலையும் கொஞ்சம் இறங்கியது. அலைச்சறுக்குக்காரர்கள் போகும் விஸ்கி பொயின்ட், பொத்துவில் பொயின்ட் எல்லாம் வடக்கே தள்ளி இருக்கின்றன. அங்கே போய்வரக் கேட்கும் காசு தோட்டத்தில் ஒரு முழுப் பேருக்குக் கிடைப்பதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். முதல் தடவை போகின்றவர்களுக்கு அது தேவையும் இல்லை.

உல்லை சின்ன இடம். பொத்துவிலிலிருந்து போகும்போது களப்பின் மேல் பாலம் வரும். பழைய பாலத்தை 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி சிதைத்தது. இப்போதிருப்பது அமெரிக்க உதவியுடன் கட்டி 2008இல் திறக்கப்பட்டது. பாலத்தைத் தாண்டினால் ஒரே வீதி, இருபுறமும் கடைகளும் விடுதிகளும். விடுதிகளுக்குப் பின்னால் கடல். நடந்தே எல்லாம் பார்க்கலாம். வீதியில் நடப்பதைவிடக் கரையோரமாக நடந்தால் தெற்கு முனையில் மீன்பிடிப் படகுகள் நிற்கும் இடம்வரை நிம்மதியாகப் போகலாம். பங்குனி, சித்திரையில் தொடங்கி ஐப்பசி வரை ஆட்கள் நிறைந்திருப்பார்கள். மார்கழி, தை மழையில் கடல் கொந்தளிக்கும், கடைகள் பூட்டிக் கிடக்கும். போயா விடுமுறையும் வார இறுதியும் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். குடித்துவிட்டுக் கூட்டமாகக் குளிக்கும் ஆண்களுக்கு மத்தியில் நமக்கு இடமிருக்காது.

ஒரு விடயத்தை நமது வாசகிகளுக்குச் சொல்லியே ஆக வேண்டும். 2024 ஒக்டோபரில் அங்கே சுற்றுலாப் பயணிகள் மீது தாக்குதல் நடக்கலாம் என்று அமெரிக்கத் தூதரகம் எச்சரித்ததைத் தொடர்ந்து பொலிசாரும் விசேட அதிரடிப் படையினரும் குவிக்கப்பட்டார்கள். அதற்குப் பிறகு நீங்கள் போகும் நாளில் வீதியில் துப்பாக்கியோடு ஆட்கள் நிற்கலாம், நிற்காமலும் இருக்கலாம். வெளிநாட்டவருக்கு அது பாதுகாப்பாகத் தெரியும். எங்களோடு வந்தவர்களில் வன்னியிலிருந்து திரும்பிய ஒரு சகோதரிக்கு அந்த உடுப்பைக் கண்டதும் கை குளிர்ந்துவிட்டது. ஆட்டோவை விட்டு இறங்கமாட்டேன் என்றுவிட்டார். "இப்ப என்ன பயம், எல்லாம் முடிஞ்சிருச்சே" என்று யாரும் சொல்லவில்லை. அவரோடு ஒருவர் மட்டும் இருந்துகொண்டு, ஆட்டோவைத் திருப்பிப் பாலத்தடிக்குப் போனார்கள். அங்கே களப்பில் ஆண்கள் வலை வீசிக்கொண்டிருந்தார்கள். ஒரு மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வீதியைத் தொடாமல் கரைவழியாக அவரே நடந்து வந்து சேர்ந்தார். உங்கள் கூட்டத்திலும் அப்படி ஒருவர் இருக்கலாம். யாரோடு யார் இருப்பது என்பதைப் புறப்படுமுன்பே பேசி வையுங்கள். தேசிய அடையாள அட்டையை எல்லோரும் தனித்தனியே கையில் வைத்திருங்கள். ஒருவருடைய பையில் எல்லோருடையதும் இருக்கக்கூடாது.

மலசலகூடம் ஒரு பெரிய பிரச்சினை. இதை யாரும் எழுதுவதில்லை, நான் எழுதுகின்றேன். கரையோர விடுதியொன்றில் தேநீர் குடித்துவிட்டு உள்ளே போகலாம் என்று நினைத்தோம். வாசலில் நின்ற பையன் எங்கள் சேலையையும் ரப்பர் செருப்பையும் பார்த்துவிட்டு, உள்ளூர் ஆட்களுக்கு இல்லை என்றான். அவனும் சம்பளத்துக்கு நிற்பவன்தான். அவனோடு சண்டை பிடித்துப் பயனில்லை. கரையை விட்டு உள்ளே தள்ளி, ஊர்ச் சனங்கள் சாப்பிடும் சோற்றுக் கடையில் பகல் சாப்பாட்டைச் சொல்லுங்கள். அந்த வீட்டு உம்மாவே கிணற்றடியையும் காட்டுவார், உடுப்பு மாற்ற அறையும் தருவார். எங்களுக்கு அப்படித்தான் நடந்தது. மாதவிடாய் நாளாக இருந்தால் தேவையானதை ஊரிலிருந்தே கொண்டுபோங்கள்.

விடுதிக்குள் விடாவிட்டாலும் மணலில் இருப்பதை யாரும் தடுக்க முடியாது. கடற்கரை அரசுக்குரியது, அதனால் பொதுமக்களுக்குரியது. நாற்காலி போட்டிருந்தால் நாற்காலி அவர்களுடையது, அதன் முன்னால் இருக்கும் மணல் அவர்களுடையதல்ல. மெக்சிகோவின் கன்கூன் என்ற கடற்கரை நகரைப் பற்றிப் படித்தபோது எனக்கு உல்லைதான் நினைவுக்கு வந்தது. 1970களில் அந்நாட்டு அரசாங்கமே திட்டமிட்டுக் கட்டிய சுற்றுலா நகரம் அது. அங்கும் சட்டப்படி கரை எல்லோருக்கும் பொது. ஆனால் ஹோட்டல்கள் வரிசையாக நின்று வழியை மறைத்ததால், வழியை அடைப்போருக்குத் தண்டம் விதிக்க 2020இல் சட்டத்தைத் திருத்த வேண்டி வந்தது. ஹோட்டல் வரிசைக்கும் நகருக்கும் இடையே பஸ்கள் அடுத்தடுத்து ஓடுகின்றன. அறை கூட்டும் பெண்ணும் விடுமுறைக்கு வந்தவளும் ஒரே பஸ்ஸில் போகலாம். இந்த பஸ் விடயத்தில் அவர்களைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

உல்லையில் கரை யாருக்கு என்ற கேள்விக்குக் கசப்பான வரலாறு இருக்கின்றது. சுனாமியில் இலங்கையில் அதிகம் பேர் இறந்தது அம்பாறை மாவட்டத்தில்தான், 10,000க்கும் மேல். அதன் பிறகு 2005இல், வடக்கு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று அரசாங்கம் அறிவித்தது. வாடியும் படகும் வைத்திருந்த மீனவக் குடும்பங்கள் தங்கள் இடம் ஹோட்டல்களுக்குப் போகப்போகின்றது என்று பயந்தன, எதிர்த்தன. பின்னர் அந்த எல்லை தளர்த்தப்பட்டது. தெற்கே பாணமையில் 2010 ஜூலையில் குடும்பங்கள் தங்கள் காணியிலிருந்து விரட்டப்பட்டன. அவர்களில் பெரும்பாலோர் சிங்களவர்கள். காணிக்காகப் பாணமைப் பெண்கள் ஆண்டுக்கணக்கில் போராடியதைக் கேப்பாப்புலவுச் சகோதரிகள் அறிந்தால் இரண்டு பக்கமும் பேச நிறைய இருக்கும். பார்க்கப் போகும் ஊரில் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டு போனால், அங்கே சந்திக்கும் பெண்ணோடு விலையைத் தவிர வேறு ஏதாவதும் பேசலாம்.

கடலில் இறங்குவது பற்றி. தயவுசெய்து சேலையோடு இறங்காதீர்கள். நனைந்த சேலை காலைச் சுற்றிக்கொள்ளும், அலை இழுத்தால் எழும்ப விடாது. சுடிதார் நல்லது, துப்பட்டா வேண்டாம். களப்பு கடலோடு சேரும் வாயில் தண்ணீர் அமைதியாகத் தெரிந்தாலும் இழுவை உண்டு, அங்கே இறங்கவே கூடாது. எங்கே குளிக்கலாம் என்று படகடியில் நிற்கும் மீனவரிடம் கேளுங்கள், விடுதிப் பையனிடம் அல்ல. நம்மில் அநேகருக்கு நீச்சல் தெரியாது. முழங்காலுக்கு மேல் போகாமலிருந்தாலே போதும், அதற்கே அவ்வளவு சிரித்தோம். முழங்கால் ஆழம் போதாது என்று நினைத்த பெண்களும் அங்கே இருக்கின்றார்கள். உல்லையைச் சேர்ந்த பெண்கள் சேர்ந்து 2018இல் தங்களுக்கென்று அலைச்சறுக்குக் கழகம் ஒன்றை அமைத்தார்கள், இலங்கையில் பெண்களுக்கான முதலாவது கழகம் அது. வீட்டிலும் ஊரிலும் எதிர்ப்பு இல்லாமலில்லை. அவர்களுக்குள் பிள்ளை பெற்ற தாய்மாரும் இருக்கின்றார்கள். பலகையில் எழுந்து நிற்கும் பெண்ணைப் பார்த்து எங்கள் அக்கா ஒருவர், "மலையில கூடையோட நிக்கிறவளுக்கு இதுவும் வரும்" என்றார். சரிவில் காலை ஊன்றி நிற்கும் பழக்கத்தை வைத்துச் சொன்னார். பரீட்சித்துப் பார்க்க அன்று நேரமில்லை.

பக்கத்தில் பார்க்க வேண்டியவை பல. லகுகலவில் 1,554 ஹெக்டயர் கொண்ட சிறிய காடு, குளத்தில் யானை இறங்கும். ஆனால் அந்த யானைதான் மாலையில் வீதிக்கும் வரும். ஆகவே லகுகல வழியையும் பாணமை வழியையும் பொழுது சாயுமுன் கடந்துவிடுங்கள். பாணமைக்கும் அப்பால் உகந்தை முருகன் கோவில், கதிர்காமத்துக்கு நடந்து போகின்றவர்கள் காட்டுக்குள் நுழையும் இடம். திருவிழாக் காலம் தவிர அங்கே வாகனம் கிடைப்பது கஷ்டம். ஆட்டோ பேசுவதானால் நன்றாக விடிந்த பின் போய் மதியத்துக்குள் திரும்பும்படி பேசுங்கள். வீட்டில் அனுமதி கிடைக்காதவர்களுக்கு இந்தக் கோவில் ஒரு வழி. உகந்தைக்கு என்று சொல்லி வெளிக்கிட்டு உல்லையில் இறங்கினால் முருகன் கோபிக்கமாட்டார்.

அடுத்த பயணத்துக்கு எங்கள் நிலையத்தில் ஒன்பது பேர் சீட்டுக் கட்டத் தொடங்கியிருக்கின்றார்கள். பஸ்ஸில் போவது என்று தீர்மானமாகிவிட்டது. இரவு தங்குவதா இல்லையா என்பதில்தான் பேச்சு முடியவில்லை. இரண்டு பேரின் வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. இன்னொருவருக்குக் கேட்க ஆளில்லை, கணவர் 2009இல் போய்விட்டார். ஆனால் பதினேழு வயது மகன் கேள்வி கேட்கின்றானாம். அவனுக்கு என்ன பதில் சொல்வது என்று அவர் என்னிடம் கேட்டார். உங்கள் வீடுகளில் என்ன சொல்லிவிட்டு வெளிக்கிடுகின்றீர்கள் என்று எழுதுங்கள். போகின்றவர்கள் பொத்துவிலிலிருந்து தங்கள் ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் ஒரு தபாலட்டையில் எழுதி அனுப்பினால் அடுத்த இதழ்களில் போடுகின்றேன்.